மூன்றாவது பள்ளம்

வெள்ளி பின்னேரம் ஆய்வுகூடத்து அளவியைப்
பழைய சாரத்தில் சுற்றி
சைக்கிள் கூடையில் நிமிர்த்தி வைத்து
மாங்குளம் சந்திவரைக்கும் உருட்டிக்கொண்டே போனேன்.
ஏறி ஓடப் பயம்.
ஐம்பது மில்லிலீற்றர்; பொருட்பதிவுப் புத்தகத்தில்
என் கையெழுத்தில் நிற்கிறது.

பொஸ்கோவின் கராஜில்
மொரிஸ் மைனரின் தலை மல்லாந்து கிடந்தது.
நாலு பள்ளம்.
ஒவ்வொன்றும் கஜுக் கொட்டை மாதிரி வளைவு,
ஒவ்வொன்றிலும் இரண்டு வால்வு, ஒரு பிளக்.
"எரியிற இடம் இவ்வளவுதானா?"
"இவ்வளவுக்குள்ளதான் ரீச்சர், மல்லாவியில இருந்து ஓடி வந்தனீங்கள்."

வால்வு விளிம்பில் கிறீஸ் தடவினான்.
சங்கக்கடைக் காசாளர் யன்னலில் கழற்றிய பேர்ஸ்பெக்ஸை
பள்ளத்தின் மேல் அழுத்தினான்.
அதில் இன்னும் பாதி வசனம்: மீதிப் பணத்தை எண்ணி.
'எண்ணி'க்குப் பக்கத்தில் துளை,
துளைக்கு நேரே அளவியின் மூக்கு.
மண்ணெண்ணெயில் கொஞ்சம் சிவப்பு ஒயில், கண்ணுக்குத் தெரிய.

சொட்டு.
சொட்டு.
காற்று வெளியேற ஒரு பக்கம் கட்டை வைத்து உயர்த்தியிருந்தோம்.
கடைசிக் குமிழி துளைவரைக்கும் வந்து நின்றுவிட்டது.
நகத்தால் தட்டினான், போனது.

"பிறையுருவின் அடியை வாசிக்கவேணும், கண் மட்டத்தில்."
வகுப்பில் சொல்லும் குரலிலேயே சொல்லிவிட்டேன்.
அவன் முழங்காலில் நின்று வாசித்தான்.
முதலாவது இருபத்தெட்டு தசம் நாலு.
இரண்டாவது இருபத்தெட்டு தசம் ஆறு.
நாலாவது இருபத்தெட்டு தசம் ஐந்து.
மூன்றாவது
முப்பத்தொன்று தசம் இரண்டு.

பிழை என்றேன். எங்கோ ஒழுகுது.
கிறீஸ் மாற்றி, வால்வைத் திரும்ப இருத்தி, மறுபடி.
முப்பத்தொன்று தசம் இரண்டு.
என் மாணவிகள் எவருக்கும் இப்படி ஒத்த பெறுமானம் வந்ததில்லை.

கொம்பனிப் புத்தகம் சொல்வது இருபத்துநாலரை.
ஆக, நாலையும் ஆரோ குடைந்திருக்கிறார்கள்.

பொஸ்கோ சுண்டுவிரலை உள்ளே விட்டான்.
"மண்ணெண்ணெயில ஓட்டுறதுக்குச் செய்தது.
அமுக்கம் கூடினா இடிக்கும், பிஸ்ரன் ஓட்டையாப் போம்."
சேலைன் குழாயால் நாலு துளி பெற்றோல்,
பிறகு முழுக்க மண்ணெண்ணெய்,
வெண்புகையோடு அக்கராயன் பக்கம் போன வாகனங்களுக்குப் பின்னால்
நானும் இருமிக்கொண்டு நடந்திருக்கிறேன்.
அப்போது எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது,
பற்றரி எத்தனை, சவர்க்காரம் எத்தனை.
இதை மட்டும் ஒருவன் கண்மட்டத்தில் அளந்திருக்கிறான்.
மூன்று பள்ளம் தசம் இரண்டுக்குள்.
அளவியில்லாமல்.
என் வகுப்பென்றால் முழுப் புள்ளி.

பிறகேன் மூன்றாவது?

"கோடு மற்றப் பக்கமாச் சரியுது. இடக்கையன்"
என்றவன் விரலை எடுக்கவில்லை.
ஒட்டுசுட்டானுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில்
வட்ட அரம் வைத்திருந்த இடக்கையர் எத்தனை பேர்
என்று நான் கேட்கவில்லை.
கண்டி வீதியில் ஒரு மணல் லொறி
போய் முடியுமட்டும்
இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இதை நிரப்ப ஏலாதா?"
"வார்ப்பிரும்பு ரீச்சர், ஒட்டினால் வெடிக்கும்.
மற்ற மூண்டையும் இதளவுக்குக் கொண்டுவரலாம்.
பிறகு வவுனியாவில குடுத்து முகத்தைச் சீவினால்
நாலும் ஒண்டாக் குறையும்."
"எவ்வளவு குறையும்?"
"சீவிப்போட்டுத் திரும்ப அளக்கவேணும்.
அளவியை அப்பவும் கொண்டு வாங்கோ."

திங்கள் முதற்பாடம் தரம் பன்னிரண்டு, அமில மூல நியமிப்பு.
சவர்க்காரத் தண்ணீரில் மூன்றுதரம் கழுவியும்
மண்ணெண்ணெய் மணக்கிறது.
முன்வாங்கு தர்மிகா மூக்கைச் சுருக்கி
"இதில என்ன ரீச்சர் அளந்தனீங்கள்?" என்பாள்.
முப்பத்தொன்று தசம் இரண்டு என்று சொல்லலாம்.
அலகு கேட்பாள்.
அலகு எழுதாத விடைக்குப் புள்ளியில்லை என்று
நான்தானே சொல்லிக்கொடுத்தது.